கண் கலங்கும் இடம்

விளம்பரப் படம் எடுக்கப்படும் முன்பே அதைப் பார்த்துவிடுகிற வேலை என்னுடையது. சந்தை ஆய்வு நிறுவனத்தில் இருந்தேன். தொலைக்காட்சியில் 30 வினாடி ஓடப்போகிற ஒரு கதைக்குப் பெரும் பணத்தைப் போடுவதற்கு முன்னால், அந்தக் கதை ஜனங்களிடம் எடுபடுமா என்று கம்பெனிக்காரர்கள் தெரிந்துகொள்ள விரும்புவார்கள். காட்சிகளைப் பென்சில் கோட்டில் வரைந்து, வரிசையாக ஓடவிட்டு, யாரோ ஒருவரின் குரலையும் தற்காலிகமாக ஓர் இசையையும் சேர்த்து அனுப்புவார்கள். ‘அனிமேட்டிக்’ என்று சொல்வோம். அதை எடுத்துக்கொண்டு மதுரைக்கும் சேலத்துக்கும் திருச்சிக்கும் போவோம். எட்டுப் பெண்களை ஒரு வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டி, என்ன தோன்றியது என்று கேட்போம். அடுத்த அறையில் கம்பெனி ஆட்களும் விளம்பர ஏஜென்சி ஆட்களும் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்தவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவோம். கொஞ்ச நேரத்தில் கேமராவை அவர்கள் மறந்துபோவார்கள்.

அந்த எட்டுப் பேரைச் சேர்ப்பதே தனி வேலை. ஊருக்கு ஊர் அதற்கென்று ஓர் அக்கா இருப்பார். எந்தத் தெருவில் எந்த வீட்டில் எந்த சோப்பு என்பது அவருக்கு மனப்பாடம். குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில் இரண்டையும் கேட்டு வீடுகளை ஏ, பி, சி என்று பிரிப்போம். வீட்டில் யாராவது விளம்பரத் துறையிலோ பத்திரிகையிலோ இருந்தால் அவர்களைச் சேர்க்க மாட்டோம். டீ, பிஸ்கட், கடைசியில் ஒரு எவர்சில்வர் டப்பா. இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு விஷயத்துக்காக: பென்சில் கோட்டில் இருக்கிற ஒரு கதை, உயிருள்ள ஒரு மனுஷியை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்ப்பதற்காக.

மதுரை ஆரப்பாளையத்தில் ஒரு வீட்டு மாடி. சமையல் எண்ணெய் விளம்பரம். கதை ரொம்பச் சின்னது. அம்மா எல்லோருக்கும் தோசை வார்க்கிறாள். அப்பா சாப்பிட்டுவிட்டுப் போகிறார், மகள் போகிறாள், தாத்தா போகிறார். கடைசியில் பதினைந்து வயதுப் பையன் தட்டைக் கழுவ உள்ளே வருகிறான். அம்மா தனக்கென்று மாவை ஊற்றப் போகிறாள். அவன் கரண்டியை வாங்கிக்கொண்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “நீ உட்காரும்மா” என்கிறான். அவன் ஊற்றுகிற தோசை கோணல்மாணலாக வருகிறது. அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு முகம்கூட முழுசாக வரைந்திருக்கவில்லை. மூக்கும் ஒரு புருவமும்தான் இருந்தன.

படம் முடிந்ததும் யாரும் பேசவில்லை. பச்சைப் புடவை கட்டியிருந்த ஓர் அக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எங்க வீட்ல யாரும் ஒருநாள்கூட உக்காருன்னு சொன்னதில்ல மேடம். சொல்லணும்னு நானும் நெனச்சதில்ல. இப்பத்தான் தோணுது.” பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கையை வைத்து அழுத்தினார். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். யார் வீட்டில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்கள், ஆறிப்போன தோசைக்குச் சட்னி மிச்சம் இருக்குமா, மாமியாருக்குப் பிறகா முன்பா என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. “இது என்ன எண்ணெய் விளம்பரம்?” யாருக்கும் ஞாபகமில்லை. இரண்டு பேர் ஏதோ தோசை மாவு விளம்பரம் என்றே நினைத்திருந்தார்கள்.

அடுத்த அறையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். எனக்கு அதற்கு முன்னால் நடந்ததும் முக்கியமாக இருந்தது. எந்தச் சட்டகத்தில் கண் கலங்குகிறது என்று நான் குறித்துக்கொண்டே வருவேன். அம்மா வேர்க்க விறுவிறுக்க நிற்கும்போது யாரும் அசையவில்லை. அதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். பையன் முக்காலியை இழுக்கும் அந்தச் சத்தத்தில்தான் கலங்கினார்கள். பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பொருள்களுக்கு இதையே பார்த்தேன். கதையில் வருகிறவர் படுகிற கஷ்டத்துக்கு ஜனங்கள் அழுவதில்லை. அந்தக் கஷ்டத்தை இன்னொருவர் கவனித்துவிட்டார் என்று தெரிகிற நொடியில் அழுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்படாத நன்றி ஒன்று பல வருஷமாகக் கிடக்கிறது. நல்ல விளம்பரக்காரருக்கு அது எங்கே கிடக்கிறது என்று தெரியும். அதன் மேல் ஒரு பாட்டிலையோ பொட்டலத்தையோ கொண்டுவந்து வைத்துவிடுவார்.

இந்த வேலைக்கு வரும் முன்பே விளம்பரங்கள் எனக்குப் பழக்கம். நான் வளர்ந்தது விருதுநகரில். எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணாச்சி வீட்டில்தான் முதல் டிவி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-லேயே வந்துவிட்டாலும், எங்கள் பக்கம் படம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது கொடைக்கானல் மலைமேல் கோபுரம் வந்த பிறகுதான். தூர்தர்ஷன் 1976 ஜனவரி 1 முதல் வணிக விளம்பரங்களை ஏற்றுக்கொண்டது. நாங்கள் பார்க்க ஆரம்பித்த காலத்தில் தேசிய ஒளிபரப்பின் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தியில் வரும். அண்ணாச்சி வீட்டு ஆச்சிக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் எந்தப் பெண் கோபமாக இருக்கிறாள், எந்தப் பிள்ளை அடம்பிடிக்கிறது, எந்த மருமகள் மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கப் போகிறாள் என்று எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார். முகத்தைப் பார்த்தே கதை சொல்லிவிடலாம் என்பதை நான் அவரிடம்தான் முதலில் பார்த்தேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்தவர் லலிதாஜி. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு, காய்கறிக்காரரிடம் பேரம். சர்ஃப் சலவைத்தூளின் விளம்பரம் அது. அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் 1969-இல் தொடங்கிய நிர்மா, மிகக் குறைந்த விலையில் வீடு வீடாக நுழைந்து சர்ஃபின் சந்தையைப் பறித்துக்கொண்டிருந்த காலம். சர்ஃபைத் தயாரித்த ஹிந்துஸ்தான் லீவரால் அந்த விலைக்கு இறங்க முடியாது. அப்போது லிண்டாஸ் ஏஜென்சியின் அலிக் பதம்ஸி யோசித்தது விலையைப் பற்றியல்ல, விலை பேசுகிற பெண்ணைப் பற்றி. விலை குறைந்ததை வாங்குவதும் நல்லதாகப் பார்த்து வாங்குவதும் வேறு வேறு என்று அடித்துச் சொல்கிற ஒருத்தியை உருவாக்கினார். வசதி இருந்தும் காய்கறிக்குப் பேரம் பேசும் தன் அம்மாவை மனதில் வைத்துத்தான் அந்தப் பாத்திரத்தைச் செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். லலிதாஜியாக நடித்த கவிதா சௌத்ரி பின்னாளில் ‘உடான்’ தொடரை எழுதி, இயக்கி, போலீஸ் அதிகாரியாக நடித்தவர். 2024-இல் காலமானார்.

அந்த விளம்பரத்தில் கண்ணீர் இல்லை, பாசம் இல்லை. ஆனால் அது முழுக்க உணர்ச்சியால் ஆனது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. கேமராவுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் கேள்வி கேட்கிறது. அவள் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொல்கிறாள். வீட்டுக்குள் இருக்கிற ஒரு பெண் கணக்குத் தெரிந்தவள், அவளுடைய தீர்ப்புக்கு மதிப்பு உண்டு என்று 1980-களில் தேசியத் தொலைக்காட்சியில் சொன்னது சின்ன விஷயமல்ல. எங்கள் ஆச்சி வீட்டில் அரிசி மூட்டை இறங்கினால் எடையைச் சரிபார்ப்பவர் ஆச்சிதான். அதை அதுவரை யாரும் ஒரு திறமையாகச் சொல்லி அவர் கேட்டதில்லை. சர்ஃபை அவர் வாங்கினாரா என்றால், இல்லை. கடைசிவரை கட்டி சோப்புதான். லலிதாஜி வந்தால் மட்டும் அடுப்படியிலிருந்து ஓடி வருவார்.

உணர்ச்சியை வைத்து விற்பது என்றாலே அழவைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பெருமிதம், விடுதலை, குறும்பு இவையெல்லாமும் உணர்ச்சிகள்தான். 1975-இல் லிரில் சோப்புக்காகக் கொடைக்கானல் பாம்பாறு அருவியில் கேரன் லூனல் குளித்தபோது, அந்தப் படம் விற்றது எலுமிச்சை மணத்தை மட்டுமல்ல. கூட்டுக் குடும்பத்தில் வாளித் தண்ணீரில் அவசர அவசரமாகக் குளிக்கிற பெண்ணுக்கு, யாரும் கதவைத் தட்டாத சில நிமிடங்களைக் காட்டியது. அந்த அருவிக்கு லிரில் அருவி என்றே பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் குழுக்களில் வயதான பெண்கள் பழைய விளம்பரங்களைப் பற்றிப் பேசினால், முதலில் வருவது இந்த அருவி. சோப்பின் பச்சைக் கோடு அதற்குப் பிறகுதான்.

1994-இல் வந்த காட்பரி டெய்ரி மில்க் கிரிக்கெட் விளம்பரத்தை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன். ஓகில்வி ஏஜென்சியில் பியூஷ் பாண்டே செய்தது. மட்டையாளர் சிக்ஸர் அடிக்கிறார். பூப்போட்ட உடையில் ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து, காவலரை ஏமாற்றிவிட்டு மைதானத்துக்குள் ஓடி ஆடுகிறாள். சங்கர் மகாதேவனின் குரல். சாக்லேட் என்பது பிள்ளைகள் தின்கிற பண்டம், பெரியவர்கள் கேட்டு வாங்கித் தின்றால் வெட்கம் என்றிருந்த நாட்டில், பெரியவர்களைத் தின்னவைக்க வேண்டும் என்பதுதான் கம்பெனியின் தேவை. ‘பெரியவர்களும் சாப்பிடலாம்’ என்று ஒரு டாக்டரைச் சொல்லவைத்திருக்கலாம். அவர்கள் செய்தது வேறு. பெரிய மனுஷி ஒருத்தி உலகத்துக்கு முன்னால் குழந்தைபோல ஆடுவதைக் காட்டி, அதற்கு ஓர் அனுமதி கொடுத்தார்கள். சாக்லேட் அந்த அனுமதிக்கு அடையாளமாகக் கையில் இருந்தது.

நான் அப்போது சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். பொது அறையில் அந்த விளம்பரம் வரும்போது பேச்சு நின்றுபோகும். எங்களில் யாரும் அப்படி ஓடியதில்லை. ஏழு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டியவர்கள். 2021-இல் அதே விளம்பரத்தைத் திருப்பி எடுத்தார்கள். மட்டை பிடிப்பது பெண், மைதானத்துக்குள் ஓடி ஆடுவது அவளுடைய காதலன். என் வயதுத் தோழிகள் எல்லோரும் அதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். ஒரு சாக்லேட் கம்பெனி எங்கள் இளமையின் ஒரு கணத்தை இருபத்தேழு வருஷம் பத்திரமாக வைத்திருந்து வட்டியோடு கொடுத்தது போல இருந்தது. அவர்கள் விற்பனைக்காகத்தான் செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மகிழ்ச்சி குறையவில்லை.

தொழிலுக்குள் இதைப் பற்றி நீண்ட சண்டை உண்டு. பொருளின் ஒரே ஒரு தனிச்சிறப்பைப் பிடி, அதையே திரும்பத் திரும்பச் சொல் என்றார் அமெரிக்காவின் ராஸர் ரீவ்ஸ். 1961-இல் அவர் எழுதிய புத்தகத்தை எங்கள் மேலாளர்கள் பலர் வேதமாகவே வைத்திருந்தார்கள். பிரிட்டனில் லெஸ் பினே, பீட்டர் ஃபீல்ட் என்ற இருவர், பரிசுக்கு வந்த ஏராளமான விளம்பரங்களின் வியாபார விவரங்களைத் தொகுத்துப் பார்த்து 2013-இல் வேறொன்றைச் சொன்னார்கள். உடனடி விற்பனைக்குத் தகவலும் தள்ளுபடியும் உதவும். நீண்டகால லாபத்துக்கு உணர்ச்சிதான் வலு. அதைப் படித்தபோது ஆரப்பாளையத்து முக்காலி நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது உண்மை. பெயர் மறந்ததும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

எனக்குக் கிடைத்த பதில் ஃபெவிகால். ஆள்மேல் ஆளாக, கூரையிலும் ஏணியிலும் பக்கவாட்டிலும் ஜனங்கள் அப்பிக்கொண்டிருக்கும் ஒரு வண்டி, பாலைவனப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போகிறது. ஒருவர்கூட விழவில்லை. வண்டி நம்மைக் கடந்ததும் பின்புறத்தில் ஃபெவிகால் விளம்பரம். ஒரு வசனம் கிடையாது. ஓகில்விக்காக பிரசூன் பாண்டே இயக்கிய அந்தப் படத்தில் பசையை எடுத்துவிட்டால் கதையே நடக்காது. 2003-இல் வந்த ஹட்ச் செல்போன் சேவை விளம்பரத்தில் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும் பக் நாய்க்குட்டியும் அப்படித்தான். அந்த நாய்தான் நெட்வொர்க். நாயை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. எங்கள் தோசை விளம்பரத்தில் எண்ணெயை எடுத்துவிட்டாலும் பையன் முக்காலியை இழுத்துப் போடுவான். அம்மா அழுவாள். அந்தக் கதைக்கு எண்ணெய் தேவையில்லை. ஜனங்கள் மறந்தது நியாயம்தான். அதற்குப் பிறகு எந்த அனிமேட்டிக் வந்தாலும் என் முதல் சோதனை இதுவாக இருந்தது: பொருளைக் கதையிலிருந்து உருவி எடு. கதை விழுகிறதா, நிற்கிறதா?

நாய்க்குட்டி விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்த விளம்பரத்துக்குப் பிறகு நாடு முழுக்க பக் நாய்க்குக் கிராக்கி ஏறியது. மூச்சுவிடவே சிரமப்படுகிற, நம் ஊர் வெயில் ஆகாத இனம் அது. அன்பு என்று நினைத்து வாங்கிப்போன வீடுகளில் அவை பட்ட பாடு கொஞ்சமல்ல.

இசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே அனிமேட்டிக்கை இசையோடு ஒரு குழுவுக்கும் இசையில்லாமல் இன்னொரு குழுவுக்கும் காட்டியிருக்கிறோம். இசையில்லாத அறையில் பெண்கள் படத்தில் இருக்கிற குறைகளைச் சொல்வார்கள்: புடவை இப்படிக் கட்ட மாட்டாங்க, அந்த அடுப்பு பழசு. இசையோடு பார்த்தவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். ‘ரோஜா’ வருவதற்கு முன் ஏ. ஆர். ரஹ்மான் வருஷக்கணக்கில் விளம்பரங்களுக்குத்தான் இசையமைத்துக்கொண்டிருந்தார். அரவிந்த்சாமி நடித்த லியோ காபி விளம்பரத்தின் மெட்டு, இன்றும் என் வயதுக்காரர்கள் வாயில் வரும். டைட்டன் கடிகாரத்துக்கு மோட்ஸார்ட்டின் 25-ஆவது சிம்பொனி. ஓசூரில் செய்த கடிகாரத்தை ஒரு பரிசுப்பொருளாக, பிரிவின்போதும் கல்யாணத்தின்போதும் கொடுக்கிற பொருளாக மாற்றியதில் அந்த இசைக்குப் பங்கு உண்டு.

இனி எழுதப்போவது எனக்குக் கோபம் வருகிற பகுதி.

கவனிக்கப்பட்டால் மனம் இளகும் என்பது தெரிந்தவர்களுக்கு, கவனிக்கப்படாத வலி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். அந்த வலியை முதலில் அமுக்கிவிட்டு, பிறகு மருந்தை நீட்டுகிறவர்கள் உண்டு. சிவப்பழகு க்ரீம்கள் செய்தது அதைத்தான். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. அதன் விளம்பரங்களில் ஒன்று ஊரறிந்தது. ஓய்வுபெற்ற அப்பா, எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் என்று வருந்துகிறார். காதில் விழுந்த மகள் க்ரீம் பூசி, நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகி அப்பாவைக் காபி குடிக்கக் கூட்டிப்போகிறாள். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடியது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட, 2003-இல் அந்த விளம்பரம் நின்றது. நிறத்தை வைத்து யாரையும் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் குழு 2014-இல் விதி வகுத்தது. 2020-இல் பெயரே க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது.

விதி வருவதற்கு முந்தைய காலத்தில் வேறொரு க்ரீமுக்காக நான் சேலத்தில் கல்லூரிப் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். எட்டுப் பேரில் ஒரு பெண் மாநிறத்துக்கும் கீழே, நல்ல கறுப்பு. களையான முகம். வந்ததிலிருந்து கலகலவென்று அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். அனிமேட்டிக்கில் கறுப்பான பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டு, டீயைக் குடிக்காமலே எழுந்துபோகிற காட்சி வந்தது. டீ டம்ளர்மேல் ஆடை படிந்திருப்பதை நெருக்கமாக வரைந்திருந்தார்கள். நல்ல கலைஞன் வரைந்த படம். அதற்குப் பிறகு அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கேட்டேன். “நல்லா இருக்கு மேடம்” என்றாள். துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலிருந்து சீட்டு வந்தது: அந்தக் காட்சி வேலை செய்கிறது, இன்னும் விசாரிக்கவும். நான் விசாரிக்கவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பி, வேலைக்குப் போகிற கனவுகளைப் பற்றிக் கேட்டேன். அவள் வாயிலிருந்து மறுபடி ஒரு முழு வாக்கியம் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டதற்கு எனக்கு வருத்தம் கிடையாது.

குழந்தைகளின் ஊட்டச்சத்துப் பானங்களும் இதே வழியில்தான் போகும். நிறத்துக்குப் பதில் உயரம், மார்க்கு, ஓட்டப்பந்தயம். ஒரு பானத்தின் ஆய்வு முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது, கம்பெனி மேலாளர் ஒருவர், “அம்மா முகத்துல அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் கொஞ்சம் தூக்கலா வேணும்” என்றார். நான் பார்த்த அம்மாக்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு வந்தவர்கள். அவர்களிடம் இல்லாத குற்றத்தை அவர்கள் முகத்தில் வரைய வேண்டும் என்கிறார். 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று ஒன்றிய அரசு இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. அந்த அம்மாக்கள் அத்தனை வருஷம் சுமந்தது எந்தக் கணக்கிலும் வராது.

அதே சலவைத்தூள் உலகத்திலிருந்து இதற்கு நேர்மாறான ஒன்றும் வந்தது. தங்கை சேற்றில் விழுந்து அழுகிறாள். அண்ணன் அந்தச் சேற்றுக் குட்டையையே குத்திக் குத்தித் தண்டித்து, மன்னிப்பும் கேட்கவைத்துவிட்டு, அழுக்குச் சட்டையோடு நிமிர்கிறான். சர்ஃப் எக்செலின் ‘கறை நல்லது’. அதற்கு முன்பெல்லாம் சலவைத்தூள் விளம்பரத்தில் கறை என்றால் அம்மாவுக்கு அவமானம். அக்கம்பக்கத்துப் பெண் மூக்கைச் சுளிப்பாள். இங்கே கறை அண்ணனுடைய பாசத்துக்குச் சாட்சியாக நிற்கிறது. அம்மா திட்ட வேண்டியதில்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை. கறை இல்லாவிட்டால் கதை இல்லை, சோப்புத்தூளும் தேவையில்லை. என் சோதனையில் இது முழுமையாகத் தேறும். விற்பனைக்காக எடுத்த படம் ஒரு வீட்டின் சச்சரவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன். மகன் சேறு பூசிக்கொண்டு வந்தபோது கை ஓங்காமல் நின்ற அம்மாக்கள் என்னிடம் அந்த விளம்பரத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

2013-இல் தனிஷ்க் நகைக்கடையின் விளம்பரம் மறுமணத்தைக் காட்டியது. கௌரி ஷிண்டே இயக்கினார். மணமகள் மாநிறம், அவளுக்கு ஒரு சின்ன மகள். அக்கினியைச் சுற்றும்போது நானும் வருவேன் என்கிறது குழந்தை. மணமகன் அதைத் தூக்கிக்கொள்கிறான். இங்கேயும் கவனிக்கிற அந்த நொடிதான். அதே ஆண்டு நவம்பரில் கூகுள், பிரிவினையில் பிரிந்த டெல்லிக்காரரையும் லாகூர்க்காரரையும் பேத்தி தேடிச் சேர்த்துவைக்கிற படத்தைக் கொண்டுவந்தது. ஏழு வருஷம் கழித்து, இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்துகிற படத்தைத் தனிஷ்க் எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. படத்தில் குறை எதையும் நான் காணவில்லை. மாமியார் மருமகளைக் கவனிக்கிற அந்த நொடிக்குக்கூட ஆத்திரப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதுதான் எனக்கு வலித்தது.

நகை விளம்பரங்கள் தமிழ்த் தொலைக்காட்சியில் ஓயாமல் ஓடுபவை. பெரும்பாலும் ஒரே கதை. கல்யாணப் பெண், கண்ணாடி, கழுத்து நிறைய நகை, வாசலில் நின்று கண் கலங்குகிற அப்பா. ஈரோட்டில் ஒரு கடைக்காக அப்பாக்களை மட்டும் கூட்டி உட்காரவைத்தோம். விசைத்தறி வைத்திருப்பவர், மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுபவர், அரசுப் பேருந்து ஓட்டுநர். படம் ஓடியது. ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “அந்த அப்பன் அழுவறது நமக்குப் புரியுதுங்க. ஆனா அந்த நகை எப்புடி வந்துச்சுன்னு எவனுமே காட்ட மாட்டேங்கறானுங்களே. பூமிய வித்தாரா, சீட்டுப் போட்டாரா, வட்டிக்கு வாங்குனாரா? அதுக்குந்தானுங்க அழுவறோம்.” சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் கேட்டேன், அந்தப் படத்தில் என்ன இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் புள்ள ஒரு வளையலக் கழட்டி வெச்சுட்டு, இது போதுமுங்கப்பான்னு ஒரு வார்த்த சொல்லோணும்” என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் பேசிய கொங்குத் தமிழிலேயே அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்தேன். ஏஜென்சியில் கதை எழுதுகிற தம்பிக்கு அது பிடித்துப்போய், அன்று ராத்திரியே மகள் வளையலைக் கழற்றுகிற காட்சியை எழுதி அனுப்பினான். கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. குறைவாக வாங்கச் சொல்கிற பெண்ணை எந்த நகைக்கடைக்காரன் தன் விளம்பரத்தில் வைப்பான் என்று கேட்டார்கள். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து நான் வைக்கச் சொல்லித்தான் வாதாடினேன். மகள் அப்படிச் சொன்ன கடையை அந்த அப்பா மறக்க மாட்டார், இளைய மகளுக்கும் அங்கேதான் வருவார், பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போதும் அங்கேதான் வருவார் என்றேன்.